கட்டை மிச்சம்

கருப்புவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்தோரமாக ஏறி இடது காதுக்குள் போகும். பெட்டியின் தலையில் ஒரு சுவிட்சு. எழுமலைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் அந்தச் சுவிட்சைத் தெரியாதவர்கள் கிடையாது.

யாராவது "ஏய் கருப்பு" என்று பேச்சைத் தொடங்கினால் அவருடைய கட்டைவிரல் பைக்குள் போகும். டிக் என்று ஒரு சத்தம். பிறகு எதிரில் இருப்பவர் எவ்வளவு வாயசைத்தாலும், ஜன்னலுக்கு வெளியே ஓடும் மரங்களைப் பஸ்ஸிலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார். பேசியவர் முறைத்தால் பையைத் தட்டிக் காட்டி, "கட்டை மிச்சம் புடிக்கிறேன்" என்பார். பேட்டரி செல்லுக்கு அந்தப் பக்கம் கட்டை என்றுதான் பெயர்.

அவரைத் தவிர்த்துவிட்டுப் போகவும் முடியாது. ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டியை நிரப்புவது, தெருத் தெருவாக வால்வு திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குழாய் வரவில்லை என்றாலும், கலங்கி வந்தாலும், வீட்டில் விசேஷம், கூடுதலாகத் தண்ணீர் வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வரவேண்டும். முதலில் பாடம் படித்தவர்கள் ஊர்ப் பெண்கள். குடத்தைத் தூக்குகிறவர்கள் அவர்கள் அல்லவா. "கருப்பண்ணே" என்று கூப்பிட்டால் பெட்டி வேலை செய்கிறது, வேறு மாதிரி கூப்பிட்டால் கட்டை மிச்சமாகிறது என்பதை ஒரு கோடைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆண்களில் சிலர் பெயரை விட்டுவிட்டு "இந்தாங்க" என்று ஆரம்பித்தார்கள். அதற்கும் பெட்டி வேலை செய்தது. பெரும்பாலோர் மாறவில்லை. அறுபது வயதைத் தாண்டிய மனிதரை, அவர் காலனிக்காரர் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளிக்கூடப் பையன் 'டா' போட்டுக் கூப்பிடுவது அந்த ஊரில் யாருக்கும் விசித்திரமாகத் தெரிவதில்லை. அவர் சுவிட்சை அணைப்பதுதான் விசித்திரம்.

ஆனால் ஒன்று. அணைத்த பிறகும் அவர் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறக்காமல் இருந்ததே இல்லை. முறைப்படி, நேரப்படி எல்லாத் தெருவுக்கும் திறந்தார். ஊர்த் தண்ணீரைக் காலனிக்கு எட்டவிடாத காலத்தில் பிறந்தவர் அவர். மூடிய வால்வு என்னவென்று அவருக்குத் தெரியும். மூடியதெல்லாம் தன் காதை மட்டும்தான்.

அந்தக் காதும் தானாகப் போனதல்ல. வாலிபம் முழுவதையும் அவர் ஒரு கல் கிரஷரில் கழித்தார். பாறையை நொறுக்கும் இயந்திரத்தின் வாயருகே நின்று கல் தள்ளும் வேலை. காதில் வைக்கப் பஞ்சுகூட முதலாளி கொடுத்ததில்லை. வலது காது முழுக்கவும் இடது காது முக்காலும் செத்த பிறகு, எல்லாம் தலையெழுத்து என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். தலையெழுத்துக்கு அவ்வளவு சத்தம் கிடையாது. அது கிரஷருக்குத்தான் உண்டு. பிற்பாடு ஒரு முகாமில் இந்தப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்டிதான் இலவசம். கட்டைக்கு அவரவர் பாடு.

பெட்டிக்கடையில் கிடைக்கிற சாதாக் கட்டை, நாள் முழுக்கப் போட்டால் ஒரு வாரம் தாங்காது. தீரப்போகும்போது பேச்சு தேய்ந்து தேய்ந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். அப்போது கருப்பு அதைக் கழற்றித் தொட்டியடியில் இருக்கும் சிமெண்டு மேடையில் வெயிலில் காயவைப்பார். சூடேறினால் உள்ளே மிச்சமிருக்கும் மருந்து கொஞ்சம் விழித்துக்கொள்ளும், அரை நாளைக்கு ஓடும். அந்த ஊரில் எல்லோருமே ரிமோட்டுக் கட்டையை அப்படித்தான் காயவைப்பார்கள். பக்கத்தில் வத்தல், அதற்குப் பக்கத்தில் கட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் இசைவாணி வந்திருந்தாள். மதுரையில் கோச்சடையில் குடியிருக்கிறாள். அங்கேயே ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், மேடையில் வரிசையாகப் படுத்திருந்த கட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சார்ஜ் ஏற்றுகிற கட்டை வாங்கலாம் என்றாள்.

வீட்டில் அன்று அதுதான் பேச்சு. கிளினிக்கில் ரத்தக்கொதிப்பு பார்க்கிற மிஷினுக்கு அதைத்தான் போடுகிறோம் என்றாள் இசைவாணி. எல்லாவற்றுக்கும் அது லாயக்கில்லை. சுவர்க்கடிகாரத்துக்குப் போட்டால் வீண், ஒரு சாதாக் கட்டையே அதற்கு வருஷக்கணக்கில் ஓடும். டிவி ரிமோட்டுக்கும் தேவையில்லை. எது கட்டையைத் தினமும் தின்கிறதோ அதற்கு வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். காது மிஷின் தின்கிறது. ஒரு வருஷத்தில் செலவு சரியாகிவிடும், அதன்பிறகு சில வருஷம் சும்மாதான்.

கருப்பு ஒவ்வொன்றாக மறுப்புச் சொன்னார். கரண்டு போய்விட்டால் சார்ஜ் எப்படி ஏறும். தேய்ந்த கட்டையை மறுபடி மறுபடி ஏற்றினால் வெடித்து வைக்காதா. கடைசியாக, தனக்குக் கட்டை அவ்வளவு செலவாவதே இல்லை என்றார்.

"நான்தான் மிச்சம் புடிக்கிறேனேத்தா. எனக்கு எதுக்கு?"

"யாருகிட்டப் பேசாம மிச்சம் புடிக்கிற?" என்று கேட்டாள் இசைவாணி.

அடுப்படியிலிருந்து தங்கப்பொண்ணுதான் பதில் சொன்னார். கருப்புவின் மனைவி. கிரஷர் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை.

"எங்கிட்டப் பேசாமத்தான். வாசப்படி ஏறுனதும் அமத்திருவாரு. அந்தக் கட்டைய மிச்சம் புடிச்சு இந்தக் கட்டை வேகையில கூடவே வச்சு எரிக்கப்போறாரு."

இசைவாணி சிரித்தாள். கருப்புவும் சிரித்தார். ஆனால் அது உண்மை. ஊரில் மரியாதையில்லாத பேச்சுக்கு அணைத்துப் பழகிய விரல், வீட்டில் எந்தப் பேச்சுக்கும் அணைத்தது. வெளியே அது கோபம். வீட்டுக்குள் வெறும் சௌகரியம். இரண்டுக்கும் அவர் மிச்சம் என்ற ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்.

தீராத கட்டை வந்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். அவர் யோசித்தது அதைத்தான். "ஏய் கருப்பு" என்று வருகிறவனிடம் இனி என்ன சொல்லி அணைப்பது? ஒன்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும், இல்லையென்றால் ஏன் அணைக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருவரிடம்கூட அதை அவர் சொன்னதில்லை. சொல்லாமல் செய்ய ஒரு வழி கிடைத்ததே கட்டையால்தான்.

யோசிக்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டே பல நாள் ஓட்டினார். அந்த வாரம் காயவைத்த கட்டையும் விழிக்கவில்லை, பெட்டிக்கடையிலும் கட்டை தீர்ந்திருந்தது. செவிடாகவே மோட்டார் ரூமில் உட்கார்ந்திருந்தபோது, வாய்க்கால் தெருவில் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் ஓடுவதாக ஒரு பெண் வந்து, கையால் காற்றில் குழாய் வரைந்து காட்டிப் புரியவைக்க வேண்டியிருந்தது. மறுநாள் பஸ் ஏறிவிட்டார்.

சிம்மக்கல்லில் இசைவாணி சொன்ன எலக்ட்ரிகல் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் பெயர் ஜெயபாண்டி. "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்று பாதிக் கண்ணை ஃபோனில் வைத்தபடி கேட்டார். அதில் மரியாதை என்று விசேஷமாக ஒன்றும் இல்லை. வருகிற எல்லோருக்கும் அதே வார்த்தைதான். அதுதான் கருப்புவுக்குப் பிடித்தது.

ஜெயபாண்டி இரண்டு கட்டையையும் ஒரு சார்ஜரையும் எடுத்துவைத்தார். பெட்டியை வாங்கிப் போட்டுப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டினார். பேச்சு நன்றாகத்தான் கேட்டது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். "சாதாக் கட்டை கெழவன் மாதிரிண்ணே, இழுத்துக்கிட்டுக் கெடந்துதான் போகும். இது அப்பிடியில்ல. கடைசி வரைக்கும் கணீர்னு இருக்கும், பொசுக்குன்னு போயிரும். இன்னொண்ணு எப்பவும் கையில இருக்கணும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் பெட்டியை அணைக்கவே இல்லை. டிரைவர் போட்ட பாட்டு, கண்டக்டரின் சில்லறைச் சண்டை, பின்சீட்டில் யாரோ மச்சானைத் திட்டிக்கொண்டு வந்தது எல்லாம் காதில் விழுந்தது. உசிலம்பட்டி தாண்டும்போது தலை வலித்தது.

சார்ஜ் கட்டை வந்த செய்தி ஊருக்கு எட்ட ஒரு நாள் போதுமாயிருந்தது. டீக்கடையில் அதை ரசித்துப் பேசினார்கள். இனி மிச்சம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து "ஏய் கருப்பு" முன்பைவிட அதிகமாக வந்தது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் பைவரை போய் நின்றது. அணைக்க அவரால் முடியவில்லை. காரணம் சொல்லவும் முடியவில்லை. எத்தனையோ வருஷம் பாதியில் வெட்டிவிட்ட வாக்கியங்களை எல்லாம் இப்போது முழுசாகக் கேட்டார். வீட்டிலும் பெட்டி ஓடியது. தங்கப்பொண்ணு பேச, அவர் ஊரில் கேட்டதையெல்லாம் மனசுக்குள் அரைத்தபடி "ம்" கொட்டினார். "கட்டை இருந்தும் கேக்கலையே" என்று அவர் மனைவி சொன்னது மட்டும் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் மலையாண்டி வீட்டில் காதுகுத்து. மலையாண்டிக்கு மேட்டுத்தெருவில் பெரிய வீடு, கிணற்றடித் தோட்டம், நாற்பது வயது. கருப்புவை அவர் ஒருநாளும் 'டா' இல்லாமல் கூப்பிட்டதில்லை. கருப்பு அதிகம் கட்டை மிச்சம் பிடித்தது அவரிடம்தான். பந்தலில் நூற்றுக்கணக்கான உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, வீட்டுக்கு வரும் குழாய் தெருவில் உடைந்துபோனது. பந்திக்குத் தண்ணீர் இல்லை. மலையாண்டியின் மனைவி மீனா கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, போய் ஒழுங்காகக் கூப்பிடுங்கள், இன்றைக்கு அந்த மனிதர் காதை அணைத்தால் என் அண்ணன் தம்பிகள் முன்னால் நம் மானம் போய்விடும் என்று சொல்லியனுப்பினார்.

மலையாண்டி போனார். கூடவே இரண்டு மச்சான்களும் வேடிக்கைக்குப் போனார்கள். தொட்டியடியில் கருப்பு வால்வுச் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலையாண்டி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கருப்பண்ணே."

அது கருப்புவுக்குக் கேட்கவில்லை. ஜெயபாண்டி சொன்னது அப்படியே நடந்திருந்தது. ஒரு நொடி முன்புவரை காக்கைச் சத்தம்கூடக் கணீரென்று கேட்டது. மறுநொடி உலகம் அணைந்துவிட்டது. மலையாண்டியின் வாய் அசைவதைப் பார்த்த கருப்பு, என்ன ஆயிற்று என்று பைக்குள் விரலை விட்டுச் சுவிட்சை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

ஊரில் எல்லோரும் அறிந்த அதே சைகை.

"மாப்ள, அண்ணேன்னு சொல்லியும் அமத்திட்டாரே" என்று மூத்த மச்சான் சிரித்தார். அதுவும் கருப்புவுக்குக் கேட்கவில்லை. மலையாண்டியின் முகம் கறுத்து, ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போவதை மட்டும் பார்த்தார். வீட்டுக்கு ஓடி இன்னொரு கட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது மேட்டுத்தெருவில் தண்ணீர் ஓடுவதைக் கண்டு, யாரும் சொல்லாமலே உடைந்த இடத்தைக் கட்டிச் சரிசெய்தார். பந்தி தாமதமாக நடந்தது. ஆனால் பந்தலில் பேசப்பட்டது தண்ணீரைப் பற்றி அல்ல.

மறுநாள் ஊராட்சி அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஆபரேட்டரை மாற்றவேண்டும் என்று மலையாண்டி சொல்லிவிட்டார். கிளம்பும்போது தங்கப்பொண்ணு வாசலில் நின்றார்.

"நெசத்தச் சொல்லிட்டு வாங்க. கட்டை செத்துப்போச்சுன்னு."

"எந்த நெசத்த?" என்றார் கருப்பு.

அலுவலகத்தில் ஊராட்சித் தலைவர் பேயாண்டி, மலையாண்டி, அந்த மூத்த மச்சான், வேடிக்கை பார்க்க வந்த சிலர். பேயாண்டிக்கு விவகாரம் வளரக்கூடாது. விஷயத்தை அவர் ஏற்கெனவே ஊகித்திருந்தார். கருப்புவைப் பார்த்ததும் பதிலையும் சேர்த்தே எடுத்துக்கொடுத்தார். அந்த நேரம் கட்டை தீர்ந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, இந்த ஒரு வார்த்தை போதும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அது பொய்யும் அல்ல. சொல்லிவிட்டால் வேலை போகாது. கூடவே பழைய சாக்கும் புதுசாகக் கைக்கு வந்துவிடும். சார்ஜ் கட்டையும் தீரும் என்று ஊர் ஒப்புக்கொண்ட பிறகு, நாளைக்கே பையைத் தட்டி அணைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்க முடியாது. வாசலில் நின்ற தங்கப்பொண்ணு ஏனோ ஞாபகத்துக்கு வந்தார்.

கருப்பு சுவிட்சு போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"நேத்துக் கட்டை செத்தது நெசம். ஆனா அதுக்கு முன்னாடி இத்தன வருசமா அமத்துனது அம்புட்டும் நானா அமத்துனது. கட்டைக்காக இல்ல. எம் மக வயசுல இருக்கவுகள்லாம் என்னய 'டா' போட்டுக் கூப்புடுறாக. அதக் கேக்க வேணாமுன்னுதான் அமத்துனேன். மிச்சம் புடிக்கிறேன்னு சொன்னது பொய்."

காதில் ஃபேன் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"அவனே ஒத்துக்கிட்டான்ல" என்றார் மலையாண்டி, தலைவரிடம்.

கருப்பு அவர் பக்கம் திரும்பினார். குரலில் சூடு ஒன்றும் இல்லை. "நேத்து நீங்க என்னமோ சொன்னீகளாம். எங்காதுல விழுகல. இப்பப் புதுக் கட்டை போட்டிருக்கேன். இன்னொருக்காச் சொல்லுங்க."

எல்லோரும் மலையாண்டியைப் பார்த்தார்கள். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டார். நேற்று ஒரு நெருக்கடியில், இரண்டு மச்சான்கள் முன்னால் சொன்ன வார்த்தை. அதை இன்று அலுவலகத்தில், கேட்டு வாங்குகிறவரிடம் திரும்பக் கொடுக்கவேண்டும். முடியாது என்று சொன்னால் நேற்றுச் சொன்னதும் தண்ணீருக்காகத்தான் என்று ஆகிவிடும். மலையாண்டி வெகுநேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

தமிழில் ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர் நீயா, நீங்களா என்று முடிவு செய்யாமலே அவரிடம் ஒரு வேலையைச் சொல்லிவிடலாம்.

"மேட்டுத்தெருக் குழாயில இன்னும் கசியுது" என்றார் மலையாண்டி, காலண்டரிடம். "பாக்கணும்."

"பாக்குறேன்" என்றார் கருப்பு.

அவ்வளவுதான் நடந்தது. பேயாண்டி ஆபரேட்டரை மாற்றுவதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நியாயம் ஜெயித்தது என்று சொல்வதற்கில்லை. அந்தச் சம்பளத்துக்கு அந்த வேலை பார்க்க வேறு ஆள் கிடைக்காது. "ஏய் கருப்பு"வும் ஒழிந்துவிடவில்லை. இப்போது யாராவது அப்படித் தொடங்கினால் கருப்பு, "இப்பிடிப் பேசுனா அமத்திருவேன்" என்று முதலில் சொல்கிறார். பிறகும் தொடர்ந்தால் அணைக்கிறார். பையைத் தட்டிக் காட்டுவதில்லை. இதில் சிலருக்கு முன்பைவிடக் கோபம் அதிகம். முன்பு அவர்கள் செலவு குறைக்கும் ஒரு செவிடனைத்தான் பார்த்தார்கள், அப்படிப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

இசைவாணி ஃபோனில் கேட்டாள், வாங்கியது பரவாயில்லையா என்று. இன்னும் இரண்டு வாங்கி வரச் சொன்னார் கருப்பு. ஒன்று பெட்டியில், ஒன்று சார்ஜரில், ஒன்று எப்போதும் பையில், ஒன்று வீட்டில். வீட்டில் எதற்கு என்று அவள் கேட்டபோது, சாயந்திரம் உன் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று போய்விடுகிறது, சார்ஜரை இப்போது மோட்டார் ரூமில் வைத்திருக்கிறேன், பாதியில் எழுந்து தொட்டிவரை போக வேண்டியிருக்கிறது என்றார். தங்கப்பொண்ணு பக்கத்திலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "மூணு தடவ கட்டை தீந்துச்சுடி, நான் இன்னும் எங்க கல்யாணத்துக் கதையே முடிக்கல" என்றார். சாதாக் கட்டையில் கடைசியாக மிஞ்சிய ஒன்று சுவர்க்கடிகாரத்துக்குப் போயிற்று. அது அங்கே நிம்மதியாக ஓடுகிறது.

மலையாண்டி அதன்பிறகு கருப்புவை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமானால் தொட்டியடிக்கு வந்து கொஞ்சம் தள்ளி நின்று தொண்டையைச் செருமுகிறார். கருப்பு திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் செருமல் பழைய கட்டையில் கேட்டிருக்காது.